பூஜையில் வைத்த பூட்டுகள்

அந்தச் சங்கிலி நாயைக் கட்டுகிற ரகமோ மாட்டைக் கட்டுகிற ரகமோ இல்லை. தேங்காய்த்திட்டில் பழைய படகுச் சாமான்கள் விற்கும் ஒருவரிடம் மாமா வாங்கி வந்த நங்கூரச் சங்கிலி அது. ஒவ்வொரு வளையமும் என் கட்டைவிரல் பருமன் இருக்கும். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, நெல்லித்தோப்பு வரை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் இறக்கும்போதுதான் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய, அவரும் கூடவே சாய்ந்தார். முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து நின்று, "இத அறுக்கறவன் வந்து அறுக்கட்டும், பாக்கறேன்" என்று சிரித்தார். அக்கா சிராய்ப்புக்கு மஞ்சள் வைத்தபடியே, "யானைய எப்ப ஓட்டியாரப் போறீங்க?" என்று கேட்டாள். கட்டப்போவது யானையை இல்லை, ஒரு மோட்டார் சைக்கிளை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவும் அவருடைய மோட்டார் சைக்கிள் இல்லை.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். எங்கள் ஊர் பாகூருக்குப் பக்கத்தில்; அப்பாவுக்கு விவசாயம். ஆசிரியப் பயிற்சிக்காக என்னைப் புதுச்சேரிக்கு அனுப்பும்போது, அக்கா வீடு இருக்கும்போது பெண்பிள்ளைக்கு விடுதி எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். மாமாவும் முகம் சுளிக்காமல் என்னை வைத்துக்கொண்டார். படிப்பு முடிந்து வேலை கிடைத்தபிறகும் அங்கேதான் இருந்தேன். அதிகம் பேசமாட்டார். ஆனால் என்னிடம் பேசுவார். ஸ்டோரில் ஒரு போல்ட்டு குறைந்தால்கூட ராத்திரி தூக்கம் வராத மனுஷன் என்று அக்கா கேலி செய்வாள். அது கேலி மட்டும் இல்லை என்பது அந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்த பிறகு எனக்கே தெரிந்தது.

வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். இவர்களுடைய அப்பா சீக்கிரமே போய்விட்டதால், தம்பியாவது படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் கப்பல் ஏறியிருக்கிறார். சைகோனில் வருஷக்கணக்கில் இருந்தார். அங்கே சண்டை முடிந்து, இங்கே கொடியும் மாறியபிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து இறங்கினார். கப்பலிலிருந்து அதைப் படகில் இறக்கி, கரை சேர்த்து, அங்கிருந்து அவர் ஓட்டிக்கொண்டு வந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்ததாம். கறுப்பு உடம்பு, பெட்ரோல் டாங்கில் சிவப்புக் கோடு. அவர் அதை 'மொத்தோ' என்பார். நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மாதம்தான் அவர் அல்ஜீரியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, டாங்கை ஒருதரம் தட்டி, "டேய், மொத்தோ பத்திரம். வந்து ஓட்டறேன்" என்றார். தம்பிக்கு அவர் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே வேலை அதுதான் என்று மாமா பின்னால் என்னிடம் சொன்னார். அதுவரை எல்லாவற்றையும் அண்ணனே செய்திருந்தார்.

வீட்டுக்குள் வண்டியை ஏற்ற வழியில்லை. படி உயரம், வாசல் குறுகல், கைப்பிடி இடிக்கும். அதனால் பக்கச் சுவரை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு அதில் நிறுத்தினார். பொழுது சாய்ந்ததும் பூட்டுகிற வேலை ஆரம்பமாகும். முன் சக்கரத்துக்கு ஒரு பூட்டு. பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் சங்கிலியை நுழைத்து, உடம்பைச் சுற்றி, ஜன்னல் கம்பியில் மாட்டி, அங்கே ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டு. சங்கிலியின் மறுமுனை கொட்டகைக்குப் பின்னாலிருந்த தென்னைமரத்தைச் சுற்றி வரும். அதற்கு இன்னொரு திண்டுக்கல் பூட்டு. ஒவ்வொன்றையும் பூட்டியபின் தொங்கிப் பார்ப்பார். உண்மையாகவே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார். சாவிகள் அரைஞாண் கயிற்றில் இருக்கும், குளிக்கும்போதும் கழற்றமாட்டார். இத்தனையும் செய்தவர், தினமும் வேலைக்குப் போய்வந்த தன்னுடைய சைக்கிளை மட்டும் கிணற்றடியில் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுவார். அதற்குப் பூட்டே கிடையாது. அக்கா அதைச் சொல்லிக் காட்டினால், "அது போனா எனக்குத்தான் போச்சு" என்பார்.

வண்டியை அவர் ஓட்டியதும் இல்லை. ஓட்டவே தெரியாது. கற்றுக்கொள்ளச் சொன்னால் அண்ணன் வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் என்ன செய்வது என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டுகளைத் திறந்து, துடைத்து, உதைத்து, கொஞ்ச நேரம் இஞ்சினை உறுமவிட்டு, பிறகு அணைத்துவிட்டுத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவார். நின்ற இடத்திலேயே நின்றால் டயர் கெட்டுவிடுமாம். கல்யாண மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுபோல் ஒரு கையால் சீட்டைத் தாங்கிக்கொண்டு அவர் நடந்து போவதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நாளடைவில் எங்கள் தெருவில் அது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. நகையைப் பத்திரப்படுத்தினாலும் சரி, ஊறுகாய் ஜாடியை மேலே ஏற்றி வைத்தாலும் சரி, "சொல்தா வண்டி மாதிரி வச்சிருக்கா பாரு" என்பார்கள். மாமாவுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை பின்னால் எப்படி அவர் தலையிலேயே வந்து விழும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜையில் வைப்போம். அரிவாள்மணை, கத்திரிக்கோல், சுத்தியல், என் பாடப் புத்தகங்கள், எதுவும் பாக்கியிருக்காது. ஒருமுறை பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிக் காலையில் மறுபூஜை செய்து எடுக்கும்வரை தொடக்கூடாது. கறிகாய்கூட முன்கூட்டியே நறுக்கி வைத்துவிடுவாள் அக்கா. வண்டி மாமா பொறுப்புக்கு வந்த வருஷமே பூட்டையும் சங்கிலியையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. "மில்லுலயே ஸ்டோர் சாவி வரைக்கும் வெக்கிறோம். வருஷம் பூரா அண்ணன் வண்டியக் காபந்து பண்றது இதுங்கதான். இதுங்கள வுட்டுட்டு மத்ததுக்குப் படைச்சா நல்லாருக்குமா?" என்று கடைசியில் மாமாவே சொன்னார். பூட்டுகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, அக்கா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க, திறந்த வாயோடு சுவாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. சங்கிலி பாம்பு சுருண்டதுபோல் பக்கத்தில். வெளியே வண்டிக்குச் சாமந்தி மாலை. அந்த ஒரு ராத்திரி மட்டும் வண்டி கட்டில்லாமல் நிற்கும். அதற்காக மாமா கொட்டகையிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். வருஷா வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் வரவில்லை.

அந்த வருஷம் மில்லில் பூஜை வேலை கொஞ்சம் கூடுதல். ஸ்டோர் முழுவதையும் ஒழித்து வெள்ளையடித்தார்கள். மாமா இரண்டு நாளாக அங்கேதான் கிடந்தார். வீட்டுக்கு வரும்போதே இருமல். சாயங்காலம் எங்கள் வீட்டுப் பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து முடிந்ததும் தூறல் ஆரம்பித்தது. அவர் வழக்கம்போல் பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் படுக்கப் போகும்போது அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். சாரல் அடிக்கிறது, ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தானே, சத்தம் கேட்டால் எழுந்துகொள்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். படுத்த உடனே தூங்கிப்போனார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விடிந்ததும் முதலில் எழுந்தவரும் அவர்தான். குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, மறுபூஜையை முடித்தார். பிறகு பூட்டுகளையும் சங்கிலியையும் பூஜையிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே போனார். ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. அந்தச் சங்கிலியைச் சத்தமில்லாமல் யாரும் மாட்ட முடியாது. நான் போய்ப் பார்த்தபோது கொட்டகை காலியாக இருந்தது. குங்குமப் பொட்டு வைத்த பூட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, பூட்டுவதற்கு எதுவும் இல்லாமல் மாமா நின்றுகொண்டிருந்தார். தரையில் டயர் தடம்கூடத் தெரியவில்லை, மழை கழுவிவிட்டிருந்தது. ஜன்னல் கம்பியில் சாமந்தி மாலை மட்டும் தொங்கியது. எடுத்தவன் யாரோ, பூஜையில் போட்ட மாலையைக் கீழே போடவேண்டாம் என்று கழற்றி அழகாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அதனால்தான் பின்னால் யார் என்ன சொன்னாலும் என்னால் நம்ப முடியவில்லை.

போலீஸ் வந்தது. சிவப்புத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், தன்மையாகத்தான் பேசினார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். "பூட்டு ஒடையல. சங்கிலி அறுபடல. சாவி உன் இடுப்புல கெடக்குது. வண்டி மட்டும் எப்படிப்பா போவும்?" என்று கேட்டார். மாமா பூஜை விஷயத்தைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்களுந்தான் ஸ்டேஷன்ல படைக்கிறோம். லத்திக்குப் பொட்டு வெக்கிறோம். அதுக்குன்னு திருடன் வந்தா லத்திய எடுக்காம கும்புட்டுக்கினு நிப்பமா?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு மாலையைப் பார்த்தார். மாமாவின் முதுகில் ஒருதரம் தட்டிவிட்டு, எழுதிக்கொண்டு போனார்.

மாமா ஏனோதானோவென்று வண்டியை நிறுத்தி வைத்திருந்தால், திருட்டுப் போனதென்று எல்லோரும் உச்சுக்கொட்டியிருப்பார்கள். அத்தனை பூட்டுப் போட்டவர் வீட்டில் எப்படித் திருட்டுப் போகும்? தெரு அப்படித்தான் யோசித்தது. கடலூரில் யாருக்கோ தள்ளிவிட்டார் என்று முதலில் ஒரு பேச்சு. அப்புறம் திண்டிவனம் என்றார்கள். சொல்தா வண்டி மாதிரி என்ற வழக்குக்கு, காவலுக்கு இருந்தவனே விற்றுத் தின்றான் என்று வேறு அர்த்தம் வந்தது. குழாயடியில் யாரோ அதைச் சொல்லப்போக, அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளோடு மல்லுக்கு நின்றாள். "என் வீட்டுக்காரர் அடுத்தவன் வீட்டு ஆணிகூட எடுத்தது கெடையாது" என்று அவள் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. உள்ளே மாமா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அப்படிச் சண்டை போட்டது அது ஒருதரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தள்ளுவதற்கு வண்டி இல்லாததால் மாமா தேட ஆரம்பித்தார். விடியற்காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வில்லியனூர், ஒரு வாரம் கடலூர் என்று கிளம்பிவிடுவார். எங்கேயாவது மோட்டார் சைக்கிள் நின்றால் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். சொந்தக்காரன் வந்து என்ன என்று கேட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். வீட்டிலிருக்கும்போது தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கவளம் அப்படியே நிற்கும். கொஞ்சம் கேட்டுவிட்டு, "அது இல்ல" என்று சாப்பிட ஆரம்பிப்பார். அண்ணனுக்கு அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டார். பதில் வந்தது. எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டிருந்தது. வண்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு மாமாவைத் திட்டி எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அடுத்த வருஷம் அண்ணன் விடுமுறையில் வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது; அதே சிரிப்பு. "வாங்கண்ணே" என்று மாமா பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். அக்கா வஞ்சிரம் வறுத்துப் பரிமாறினாள். சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பூட்டு, பூஜை, தூறல், மாலை, ஒன்று விடாமல். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தம்பி தோளில் கையை வைத்து, "எதுக்குடா இப்படிக் கூனிக் குறுகுற? ஒரு கஷ்டம் வந்திருக்கும், குடுத்திருப்ப. எங்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார். மாமா பதறிப்போய், நான் விற்கவில்லை அண்ணே என்றார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் என்பது மருந்துக்கும் இல்லை. மாமா எழுந்து சுவாமி படத்தடிக்குப் போய்க் கற்பூரத்தைத் தட்டில் வைத்தார். "இத அணைச்சு சத்தியம் பண்றேண்ணே" என்று தீப்பெட்டியைத் தேடினார். அண்ணன் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டா. சாமி முன்னால பொய் சத்தியம் பண்ணி அந்தப் பாவத்த வேற எதுக்குத் தலையில ஏத்திக்கிற. நான்தான் கேக்கவே இல்லையே. மனசார மன்னிச்சிட்டேன், வுடு."

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். செய்யாத தப்புக்குத் திட்டினால் திருப்பிப் பேசலாம், அடித்தால் அழலாம். மன்னித்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு அவரிடம் எந்தப் பூட்டும் இல்லை. அண்ணன் இருந்த நாளெல்லாம் அன்பாகவே இருந்தார். தம்பிக்குச் சட்டைத் துணி எடுத்தார், அக்காவுக்குப் புடவை எடுத்தார். கிளம்பும்போது மாமாவைக் கட்டிக்கொண்டார். மாமா மரம்போல் நின்றார். வெகு சீக்கிரத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று எல்லோரையும் கேட்கும் காலம் வந்தது. அவர் பிரான்சையே எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் புதுச்சேரிக்கு வரவில்லை. செத்துப்போன செய்திதான் வந்தது. மாமா அன்றைக்குக் கிணற்றடியில் தலை முழுகிவிட்டு, ஈரத்தோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "இனிமே அது கெடைச்சாலும் யாருகிட்டக் காட்டறது?" என்று என்னிடம் கேட்டார். அதுவரை அவர் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. நெல்லித்தோப்பில் அந்தத் தெருவுக்குள் இப்போது நடக்க வழியில்லை. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிளாக நிற்கிறது. அக்காவின் பேரன் தன் வண்டியை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே வருகிறான். பூட்டினாயா என்று நான் கேட்டால், அதெல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்கிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அடிக்கடி அக்காவோடு போய் இருந்துவிட்டு வருவது வழக்கம். இரண்டு கிழவிகளும் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும். வண்டிப் பேச்சை மட்டும் நாங்கள் எடுத்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

மாமாவின் கருமாதி முடிந்து உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிப் போனதற்கு மறுநாள் நானும் அக்காவும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். பேரன் வெளியே எங்கோ கிளம்பிப்போனான். வண்டிச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டு ஓய்ந்தது. அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்கிட்ட நல்லாப் பேசுவாரு இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கிட்டக் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. எந்த வருஷமும் உள்ள வந்து படுக்காத மனுஷன், அந்த வருஷம் மட்டும் பாயச் சுருட்டிக்கினு தானா வந்து படுத்தாரு. உங்கிட்டயாவது சொன்னாரா, அந்த வண்டிய யாருக்குக் குடுத்தாருன்னு?"

"யாருக்கும் குடுக்கலக்கா. திருடுதான் போச்சு. பூட்டுக்கெல்லாம் நீதானே பொட்டு வச்ச" என்றேன். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாத சின்னப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, காம்புகளை ஒதுக்க ஆரம்பித்தாள்.

"சரி, வுடு. போனவரப் பத்தி இன்னாத்துக்குப் பேசணும். பாவம், அந்த நேரத்துக்கு அவருக்கு இன்னா கஷ்டமோ" என்றாள்.

தெருவில் எத்தனையோ பேரோடு அவருக்காகச் சண்டை போட்டவள் அவள். அவளும் எப்போதோ அவரை மன்னித்துவிட்டிருக்கிறாள்.